சொல்பவர் சொல்லட்டும், நிறுத்துப் பார்ப்பது நாமாகட்டும்

கடன், முதலீடு, புதிய பயிர்: நிபுணரின் ஆலோசனை கேட்கும்போது எமது மூளையில் நடப்பது என்ன?



யுத்தத்தாலோ வெள்ளத்தாலோ சொந்த ஊரை விட்டு வந்து, அந்நிய மண்ணில் மண்வெட்டி பிடிக்கும் குடும்பங்களைத் தேடி ஆலோசனை சொல்ல வருவோர் பலர். விவசாயப் போதனாசிரியர் வருகிறார். விதைக் கம்பனியின் முகவர் வருகிறார். நுண்கடன் நிறுவனத்தின் உத்தியோகத்தர் கிழமைக்கு ஒரு தடவை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார். மருந்துக்கடை முதலாளி கடையில் இருந்தபடியே ஆலோசனை சொல்கிறார். இவர்களோடு பங்குத்தந்தையும் துறவற சகோதரிகளும் எம்மைப் போன்ற அபிவிருத்திப் பணியாளரும் சேர்ந்துகொள்கிறோம்.

இவர்களுள் பெரும்பாலானோர் நல்ல மனதோடு வருபவர்கள். அவர்களது அறிவு எமக்குத் தேவை. ஆயினும் பண விடயத்தில் அறிவுள்ள ஒருவர் ஆலோசனை சொல்லத் தொடங்கியதும் கேட்பவரின் மனதுள் ஒரு மாற்றம் நிகழ்கிறது. அது என்ன மாற்றம், அதனால் வரும் நன்மை தீமை என்ன, நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம். முதலில் எமது சொந்தத் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறோம்.

ஒரு பப்பாசித் தோட்டம்

யுத்தம் 2009இல் முடிந்து சில வருடங்களின் பின், வன்னியில் மீள்குடியேறிய சில குடும்பங்களுக்குப் பப்பாசிச் செய்கையை நாம் சிபாரிசு செய்தோம். பயிர்ச்செய்கையில் பட்டம் பெற்ற ஒருவரை அழைத்து வந்து வகுப்பு நடத்தினோம். அவர் சொன்னவற்றில் பொய் இருக்கவில்லை. பப்பாசி ஒரு வருடத்துக்குள் பலன் தரும், சந்தை உண்டு, பராமரிப்பு இலகு என்றார். எமது சுழற்சி நிதியிலிருந்து கடன் கொடுத்தோம். போதாத பணத்துக்குச் சிலர் நகைகளை அடைவு வைத்தார்கள்.

அவ்வருட மாரி பலமாகப் பெய்தது. காணியில் மூன்று நாட்கள் தண்ணீர் நின்றது. பப்பாசி தண்ணீர் தேங்குவதைத் தாங்காத மரம். வேர் அழுகி, இலை மஞ்சளித்து, காய்க்கத் தொடங்கியிருந்த மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன.

நாம் ஆறுதல் சொல்லப் போனபோது, இரண்டு காப்புகளையும் அடைவு வைத்திருந்த ஒரு தாய் எம்மிடம் கோபிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "அந்தக் காணியிலை கோரை முளைச்சுக் கிடந்ததை நான் கண்டனான் சுவாமி. தண்ணி நிக்கிற இடமெண்டு எனக்கு விளங்கினது. ஆனா நீங்கள் படிச்ச ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து சொன்னாப்பிறகு நான் என்னத்தை யோசிக்கிறது?"

கடனில் ஒரு பகுதியை நாம் விட்டுக்கொடுத்தோம். காப்புகள் மீளவில்லை. அந்த அம்மாவின் சொல்லும் எம்மை விட்டுப் போகவில்லை. வகுப்பு நடத்தியவருக்குப் பப்பாசி தெரியும், அந்தக் காணி தெரியாது. அந்தத் தாய்க்குக் காணி தெரியும். ஆனால் படித்தவர் பேசத் தொடங்கியதும், தமக்குத் தெரிந்ததை அவர் தாமாகவே ஓரமாக வைத்துவிட்டார். அவர் அறிவில் குறைந்தவர் அல்லர், பயந்த சுபாவம் உள்ளவரும் அல்லர். அப்படியானால் ஏன் இப்படி நடந்தது?

ஸ்கான் இயந்திரத்தில் கண்டது

இக்கேள்விக்கு ஒரு பகுதி விடையை அமெரிக்காவின் அத்திலாந்தா நகரிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில் காணலாம். மூளை ஆய்வாளரும் பொருளியல் ஆய்வாளரும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வு 2009இல் வெளியானது.

ஆய்வில் பங்குபற்றிய இளைஞர்களை ஒருவர் பின் ஒருவராக எம்.ஆர்.ஐ. ஸ்கான் இயந்திரத்துள் படுக்க வைத்தார்கள். மூளையின் ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்யும்போது அங்கே பிராணவாயு நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாயும். இந்த இயந்திரம் அந்த வேறுபாட்டைப் பதிவு செய்யும்.

படுத்திருப்பவரின் கண்முன்னே ஒரு திரை. அதில் இரண்டு தெரிவுகள் காட்டப்பட்டன. ஒன்று நிச்சயமாகக் கையில் கிடைக்கும் சிறு தொகை. மற்றது லொத்தர் போன்றது. கிடைத்தால் பெரிய தொகை, கிடைக்காவிட்டால் ஒன்றும் இல்லை. எது வேண்டும் என்று அவர் தெரிவு செய்ய வேண்டும். இப்படிப் பல தடவை.

சில தடவைகளில் அவர் தனியாகவே தீர்மானிக்க விடப்பட்டார். வேறு சில தடவைகளில் ஒரு பொருளியல் நிபுணரின் ஆலோசனையும் திரையில் தோன்றியது. அந்நிபுணரின் தகுதிகள் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தன. அவரது ஆலோசனை பெரும்பாலும் நிதானத்தின் பக்கம், அதாவது நிச்சயமானதை எடுத்துக்கொள் என்ற பக்கம் சாய்ந்திருந்தது.

கண்டறிந்தவை இரண்டு. முதலாவது, ஆலோசனை வந்தபோது இளைஞர்களின் தெரிவுகள் அந்த ஆலோசனையின் திசையில் நகர்ந்தன. இதில் வியப்பில்லை. இரண்டாவதே முக்கியமானது. தனியாகத் தீர்மானித்தபோது, தெரிவுகளின் பெறுமதி கூடக் குறைய, மூளையின் சில பகுதிகளின் வேலையும் அதற்கேற்பக் கூடிக் குறைந்தது. மூளை தராசு பிடித்து நிறுத்துக்கொண்டிருந்ததன் அடையாளம் அது. நிபுணரின் ஆலோசனை வந்த வேளைகளில் அந்த அடையாளம் காணப்படவில்லை. நிறுக்கும் சுமையை மூளை நிபுணரின் தோளுக்கு மாற்றிவிட்டது போலத் தோன்றியது.

இந்த ஆய்வை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். பங்குபற்றியவர்கள் சிலரே. அவர்கள் அமெரிக்க இளைஞர்கள். சோதனையில் வந்தவையும் சிறு தொகைகள். மூளை முழுவதும் உறங்கிவிட்டது என்றும் இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஆனால் "நீங்கள் சொன்னாப்பிறகு நான் என்னத்தை யோசிக்கிறது" என்று அந்தத் தாய் சொன்னதற்கும் இயந்திரம் காட்டியதற்கும் உள்ள ஒற்றுமையை நாம் தட்டிக்கழிக்க முடியாது. அவர் தம் மனதில் நடந்ததைச் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

மூளை ஏன் சுமையை இறக்குகிறது?

பிறரின் சொல்லை ஏற்பது குற்றமன்று. எந்தக் காளான் நஞ்சு, எந்தக் கிணற்றுத் தண்ணீர் உவர் என்று ஒவ்வொருவரும் தாமே சோதித்துப் பார்க்கத் தொடங்கினால் மனிதகுலம் எப்போதோ அழிந்திருக்கும். நம்பிக் கற்பதனாலேயே பிள்ளைகள் வளர்கிறார்கள். நோய் வந்தால் வைத்தியரை நம்புகிறோம். இது கடவுள் மனிதருக்குத் தந்த நல்ல சுபாவம்.

அத்தோடு, வாய்ப்புகளை நிறுத்துப் பார்ப்பது இயல்பாகவே கடினமான வேலை. டானியல் கானமன், ஆமொஸ் டவெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர் 1979இல் இதைப் பற்றி விளக்கமாக எழுதினார்கள். மிகச் சிறிய வாய்ப்பை மனிதர் பெரிதாக எண்ணிக்கொள்கிறார்கள். லொத்தர் விற்பனையாவது இதனால்தான். நூற்றுக்குத் தொண்ணூறு நிச்சயமான ஒன்றையோ அதற்குரிய அளவுக்கு மதிப்பதில்லை. கிடைக்கும் ஆயிரம் ரூபா தரும் மகிழ்ச்சியை விட இழக்கும் ஆயிரம் ரூபா தரும் வலி பெரிது. எமது மனத்தராசு இப்படிக் கோணலானது. ஆகவே வேறொருவர் தராசு பிடிக்க முன்வந்தால் மனம் ஆறுதலடைகிறது.

கஷ்டத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு இந்த ஆறுதல் இன்னும் இனிமையாக இருக்கும். தமிழ்நாட்டின் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. அதே விவசாயிகளுக்கே, அறுவடைக்கு முன் கையில் பணமில்லாத காலத்தில் ஒரு தடவையும், அறுவடைப் பணம் வந்தபின் இன்னொரு தடவையும் சிந்தனைத் திறன் சோதனைகள் கொடுக்கப்பட்டன. பணமில்லாத காலத்தில் அவர்கள் பெற்ற புள்ளிகள் குறைவாக இருந்தன. ஆட்கள் மாறவில்லை. கடன், அடைவு, பள்ளிச் செலவு என்று ஓயாது ஓடும் கவலை, அறிவின் ஒரு பங்கைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது என்பதே ஆய்வாளரின் விளக்கம்.

இடம்பெயர்ந்தவருக்கு மேலும் ஒரு குறை உண்டு. சொந்த ஊரில் எந்த வயல் முதலில் வெள்ளம் கொள்ளும், எந்தக் கிணறு ஆடியில் வற்றும், எந்த வியாபாரி தராசில் கை வைப்பான் என்று அப்பு ஆச்சி காலத்திலிருந்து தெரியும். புதிய இடத்தில் அந்த அறிவு இல்லை. "எனக்கு இங்கே ஒன்றும் தெரியாது" என்ற எண்ணம் மனதில் குடிகொள்கிறது. கவலையும் இந்த எண்ணமும் சேரும்போது, ஆலோசனை சொல்பவரின் தோளில் முழுச் சுமையையும் ஏற்றிவிடுகிறோம்.

ஆலோசகர் அறியாத ஒரு கணக்கு

சுமையை ஏற்றிவிடுவதில் என்ன ஆபத்து? ஒரு கணக்கைப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாம் எழுதும் கணக்கு.

ஒரு புதிய பயிர் பத்துப் போகங்களில் ஏழில் நன்றாக விளையும் என்றும் மூன்றில் பிழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். விளைந்தால் ஒரு போகத்துக்கு 90,000 ரூபா இலாபம். பிழைத்தால் 120,000 ரூபா நட்டம்.

ஏழு நல்ல போகங்களின் இலாபம் 630,000 ரூபா. மூன்று கெட்ட போகங்களின் நட்டம் 360,000 ரூபா. பத்துப் போக முடிவில் 270,000 ரூபா மிஞ்சும். அதாவது போகத்துக்குச் சராசரி 27,000 ரூபா. நிபுணர் இதைப் பார்த்து "செய்யலாம்" என்று சொன்னால் அவர் சொன்னது சரியே.

ஆனால் முதலாவது போகமே கெட்ட போகமாக அமைந்தால்? சேமிப்பு உள்ளவர் 120,000 ரூபாவைத் தாங்கிக்கொண்டு அடுத்த போகம் விதைப்பார். பத்துப் போகமும் அவருக்கு உண்டு. கடன் எடுத்து, நகை அடைவு வைத்து, உறுதி இல்லாத காணியில் செய்தவருக்கு இரண்டாவது போகமே இல்லை. அவர் விதைநெல்லையும் விற்றுக் கூலிக்குப் போவார். மிச்சம் இருக்கும் ஏழு நல்ல போகங்களும் அவருக்குப் பயன்படாது.

பயிர் ஒன்றே, கணக்கு ஒன்றே, ஆலோசனையும் ஒன்றே. ஒரு குடும்பத்துக்குச் சரியான அதே ஆலோசனை இன்னொரு குடும்பத்தை வீழ்த்திவிடுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், எவ்வளவு நட்டத்தை எங்களால் தாங்க முடியும் என்ற ஒரே கேள்வியின் விடைதான். அந்த விடை நிபுணரிடம் இல்லை. அது உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. பிள்ளையின் பரீட்சைக் கட்டணம், தாயாரின் மருந்து, ஏற்கெனவே உள்ள கைமாற்று எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். மூளை சுமையை இறக்கும்போது நிறுக்கப்படாமல் போவது இந்த விடைதான். அதனாலேயே இதை ஆபத்து என்கிறோம்.

யார் நிபுணர்?

இதுவரை நேர்மையான ஆலோசகரைப் பற்றிப் பேசினோம். நிபுணரைப் போலத் தோன்றுகிறவரை நம்பி ஒரு நாடே ஏமாந்த வரலாறும் உண்டு. ஐரோப்பாவின் வறிய நாடுகளுள் ஒன்றாயிருந்த அல்பேனியாவில் 1990களின் தொடக்கத்தில் கம்யூனிச ஆட்சி முடிந்தது. வங்கி, வட்டி, பங்கு என்பவற்றில் மக்களுக்கு அனுபவம் இருக்கவில்லை. அந்நேரம் சில நிறுவனங்கள் மாதத்துக்கு நூற்றுக்கு நான்கு, ஐந்து என்று வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டின. 1996இன் பிற்பகுதியில் இரண்டு மூன்று மாதங்களில் பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்ற அளவுக்குப் போயின. புதிதாக வருபவரின் பணத்தை எடுத்து முன்னர் வந்தவருக்குக் கொடுத்ததைத் தவிர அவற்றில் பலவற்றுக்கு வேறு வருமானம் இருக்கவில்லை.

மக்கள் வீடுகளை விற்றார்கள். விவசாயிகள் ஆடுமாடுகளை விற்றார்கள். சனத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கினர் பணம் போட்டார்கள். சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் எச்சரித்தன. அந்த எச்சரிக்கைகள் எடுபடவில்லை. நிறுவன முதலாளிகளின் காரும் கட்டடமும், அவர்களோடு பெரிய மனிதர்கள் கொண்டிருந்த உறவும், முதலில் பணம் போட்ட அயலவருக்கு ஒழுங்காக வந்த வட்டியுமே மக்களுக்குச் சாட்சியாகப் பட்டன. 1997இன் தொடக்கத்தில் எல்லாம் சரிந்தது. கலவரம் மூண்டு ஏறத்தாழ 2,000 பேர் உயிரிழந்தார்கள்.

எமது நாட்டுக்கும் இது புதிதன்று. அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு ஓய்வூதியப் பணத்தையும் காணி விற்ற பணத்தையும் இழந்தவர் இலங்கையின் எல்லா மாவட்டங்களிலும் உள்ளனர். ஆள் சேர்த்தால் பணம் என்ற பிரமிட் திட்டங்கள் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. வைப்புப் பணம் ஏற்கும் நிதிக் கம்பனி ஒன்று இலங்கை மத்திய வங்கியின் அனுமதிப் பத்திரம் பெற்றிருக்க வேண்டும். அனுமதி பெற்றவற்றின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. அனுமதி பெற்ற நிறுவனம் வீழ்ந்தால் வைப்பாளருக்குக் கிடைக்கும் காப்புறுதி நட்டஈட்டின் உச்ச வரம்பு 2021 ஏப்ரலில் 600,000 ரூபாவிலிருந்து 1,100,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அனுமதி இல்லாத இடத்தில் போட்ட பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

கடன் விடயத்திலும் பட்டறிவு உண்டு. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 100,000 ரூபா வரையான நுண்கடன்களுக்கு 2018இல் அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. கடன் எடுக்கும்போது "கிழமைக்கு இவ்வளவுதானே, கட்டிவிடலாம்" என்று அவர்களுக்கு யாரோ நம்பிக்கையூட்டியே இருப்பார்கள்.

நாம் கைக்கொள்ளக்கூடிய வழி

நிபுணரை விரட்டிவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. மேலே சொன்ன ஆய்வில் நிபுணர் நிதானத்தையே போதித்தார். விவசாயப் போதனாசிரியரின் சொல்லைக் கேளாமல் கெட்டவர்களும் உண்டு. ஆலோசனையைக் கேட்க வேண்டும். தராசை மட்டும் கைவிடக் கூடாது. அதற்கு ஐந்து பழக்கங்களைச் சிபாரிசு செய்கிறோம்.

முதலாவது: ஆலோசனைக்கு முன்பே உட்காருங்கள். நிபுணர் பேசிய பின் தராசு பிடிப்பது கடினம் என்று கண்டோம். ஆகவே கூட்டத்துக்குப் போவதற்கு முதல் நாள் இரவு கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு கொப்பித் தாளில் மூன்று வரி எழுதுங்கள். இப்போது எமக்குள்ள கடன் எவ்வளவு? முழுவதும் நட்டமானாலும் அடுப்பு எரிய எவ்வளவு தேவை? ஆகக் கூடியது எவ்வளவை இழக்கத் தாங்குவோம்? மூன்றாவது வரியில் எழுதிய தொகைக்கு மேல் யார் சொன்னாலும் போக வேண்டாம்.

இரண்டாவது: கேள்வி கேளுங்கள். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல ஆலோசகர் மகிழ்வார். இவற்றைக் கேட்கலாம்:

"இது பிழைத்தால் நட்டம் யாருக்கு? உங்களுக்கும் ஏதும் பங்கு உண்டா?"

"நான் இதைச் செய்தால் உங்களுக்குக் கொமிஷன் உண்டா?"

"இப்பகுதியில் இதைச் செய்து பிழைத்துப்போன ஒருவரின் தோட்டத்தைக் காட்ட முடியுமா?"

"எப்படியான காணிக்கு, எப்படியான குடும்பத்துக்கு இது வேண்டாம் என்று சொல்வீர்கள்?"

கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்பவர் உங்களைப் பற்றி யோசிக்கவில்லை.

மூன்றாவது: நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். கோரையைக் கண்ட தாய் வாய் திறந்திருந்தால் பல குடும்பங்கள் தப்பியிருக்கும். புதிய மண்ணில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது பொய். எறும்புப் புற்று எங்கே, மழை விட்டபின் எங்கே நுளம்பு பெருகுகிறது, எந்த மூலையில் புல் கருகுகிறது என்று நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். அதைச் சொல்லி, "இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அயலில் நெடுங்காலம் வாழும் குடும்பங்களிடமும் காணியைப் பற்றி விசாரியுங்கள்.

நான்காவது: கணக்கை நீங்களே போடுங்கள். ஓர் உதாரணம். 50,000 ரூபா கடன், கிழமைக்கு 1,250 ரூபா, 52 கிழமை. மொத்தம் கட்டுவது 65,000 ரூபா. வட்டி 15,000 ரூபா. "நூற்றுக்கு 30தான்" என்பார் உத்தியோகத்தர். ஆனால் முழு 50,000 ரூபாவும் உங்கள் கையில் ஒரு வருடம் இருப்பதில்லை. முதற் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கட்டுகிறீர்கள். நடுவருடத்தில் அரைவாசியளவுதான் உங்களிடம் இருக்கும். கணக்குப் பார்த்தால் உண்மையான வருட வட்டி நூற்றுக்கு 50க்கு மேல் போகிறது. உயர்தரம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கணக்கை அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள்.

ஐந்தாவது: ஓர் இரவு பொறுங்கள். ஆலோசனை கேட்ட அன்றே கையெழுத்து வைக்க வேண்டாம். "இன்றைக்கே முடிவு சொல்ல வேண்டும், நாளைக்கு இந்தச் சலுகை இல்லை" என்று எவர் சொன்னாலும் அதுவே விலகிக்கொள்ளப் போதுமான காரணம். அடுத்த நாள் காலை, முதலில் எழுதிய கொப்பித் தாளையும் நிபுணரின் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் துணிந்து இறங்குங்கள். ஒத்துப்போகாவிட்டால் சிறிதாகத் தொடங்குங்கள். அரை ஏக்கருக்குப் பதில் கால் பரப்பில் ஒரு போகம் செய்து பார்ப்பதில் வெட்கமில்லை.

ஆலோசனை சொல்வோருக்கு ஒரு வார்த்தை

எம்மைப் போன்றோருக்கும் இப்பாடம் உண்டு. கிராமத்தில் பங்குத்தந்தை ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால் கூட்டம் அத்தோடு முடிந்துவிடுகிறது. எல்லாரும் தலையாட்டுவதை நாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். அங்கே எத்தனை பேர் தமது தராசைக் கீழே வைத்துவிட்டார்கள் என்பது எமக்குத் தெரிவதில்லை.

பப்பாசி அனுபவத்தின் பின் நாம் சில மாற்றங்களைச் செய்தோம். கூட்டங்களில் நிபுணரும் குருவும் கடைசியாகவே பேசுகிறார்கள். முதலில் ஒவ்வொரு குடும்பமும் தாம் கண்டதையும் தமது பயத்தையும் சொல்ல நேரம் ஒதுக்குகிறோம். பெண்களுக்குத் தனியாகவும் ஒரு சுற்று வைக்கிறோம். எந்தத் திட்டத்தை முன்வைத்தாலும் "இது பிழைக்கக்கூடிய மூன்று வழிகள்" என்ற தலைப்பில் பேசிய பின்பே கடன் விண்ணப்பம் கொடுக்கிறோம். கூட்டம் நீளுகிறது. சில திட்டங்கள் கைவிடப்படுகின்றன. அதை நாம் தோல்வியாகக் கருதுவதில்லை.

லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் இயேசு கோபுரம் கட்ட விரும்பும் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். அந்த மனிதர் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தம்மிடம் வசதி உண்டா என்று கணக்குப் பார்க்கிறார். ஆண்டவர் சீடத்துவத்தின் விலையைப் பற்றிப் பேசவே இந்த உவமையைச் சொன்னார். ஆயினும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர் கட்டப்போகிறவரே என்பதை நாம் கவனிக்க வேண்டும். கொத்தனாரிடம் அவர் ஆலோசனை கேட்டிருக்கலாம். கணக்கு அவருடையதாகவே இருந்தது.

அந்தத் தாய் இப்போது எமது மாதர் குழுவின் கூட்டங்களுக்கு ஒழுங்காக வருகிறார். எந்தக் காணியைப் பற்றிப் பேச்சு வந்தாலும் "முதல்ல போய்ப் பாத்திட்டு வருவம்" என்கிறார். நாமும் அவரோடு கூடப் போகிறோம்.

குழுக்களில் கலந்துரையாடுவதற்கு

1. பண விடயத்தில் பிறர் சொல்லைக் கேட்டு நன்மை அடைந்த ஓர் அனுபவத்தையும் நட்டம் அடைந்த ஓர் அனுபவத்தையும் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையில் என்ன வித்தியாசம் இருந்தது?

2. எமது கிராமத்தில் யாருடைய சொல்லை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறோம்? ஏன்?

3. "ஆகக் கூடியது எவ்வளவை இழக்கத் தாங்குவோம்?" இக்கேள்விக்கு உங்கள் குடும்பத்தின் விடை என்ன? அந்தத் தொகையைப் பிறருக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் எழுதி வையுங்கள்.

4. புதிய காணியில் நீங்கள் கண்ட, ஆனால் எந்த உத்தியோகத்தரிடமும் இதுவரை சொல்லாத விடயம் ஏதும் உண்டா?

5. அடுத்த போகத்துக்கு முன் குழுவாகச் சென்று பார்க்கவேண்டிய தோட்டம் எது? நன்றாக விளைந்த ஒன்றையும் பிழைத்துப்போன ஒன்றையும் தெரிவு செய்து, நாள் குறியுங்கள்.